அறுபதில் கழற்றும் காக்கி: தமிழ்நாட்டின் ஓய்வுச் சேவை எப்படி இருக்கிறது?

ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுகிறோம். முப்பது, முப்பத்தைந்து வருடம் கட்டாயமாகக் காத்திருந்து, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பயன்படுத்தும் சேவை ஒன்று இருக்கிறது. அதை யாரும் எடை போடுவதில்லை. காவல், தீயணைப்பு, சிறைத் துறைப் பணியாளரை 60 வயதில் வீட்டுக்கு அனுப்பி, மறு மாதத்திலிருந்து ஓய்வூதியம் தரும் தமிழ்நாடு அரசின் ஏற்பாட்டைத்தான் சொல்கிறோம். 1.4.2003-க்கு முன் பணியில் சேர்ந்த, பழைய ஓய்வூதியத்துக்குள் வரும் ஆட்களுக்கான மதிப்பீடு இது. இப்போது ஓய்வு பெறுகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

நேராக விஷயத்துக்கு வருவோம். வெளியே அனுப்புவதில் இந்தச் சேவை கடிகாரம் மாதிரி, ஒரு நாள் பிசகாது. கையில் காசைக் கொடுப்பதில் அந்தக் கறார் கிடையாது. பணிப்பதிவேடு, அதாவது எஸ்.ஆர்., எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பணமும் வரும்.

முதலில் தேதி. அடிப்படை விதி 56-ன்படி 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் பணி முடிகிறது. பிறந்த நாள் 2-ஆம் தேதியோ 30-ஆம் தேதியோ, மாதக் கடைசி வரை சம்பளம் உண்டு. இதில் ஒரு சிக்கல் 1-ஆம் தேதி பிறந்தவர்களுக்கு. 2.7.1966-இல் பிறந்தவர் 31.7.2026-இல் போகிறார். 1.7.1966-இல் பிறந்தவருக்கு 60 வயது ஜூன் 30-ஆம் தேதியே நிறைந்துவிட்டதாகக் கணக்கு, அதனால் 30.6.2026 மாலையே தொப்பியைக் கழற்ற வேண்டியதுதான். ஒரு நாள் வித்தியாசத்தில் ஒரு மாதச் சம்பளம் போயிற்று. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்த தேதியாக ஜூன் 1, ஜூலை 1 என்று போட்டுவிடுவது சகஜம். அதன் விலை இது.

‘உண்மையான பிறந்த தேதி வேறு, ஜாதகம் இருக்கிறது’ என்று கடைசி வருடத்தில் கிளம்பிப் பயனில்லை. பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பித்திருந்தால் மட்டுமே பிறந்த தேதித் திருத்தம் பரிசீலிக்கப்படும். ஓய்வு வாசலில் நின்றுகொண்டு தேதியை மாற்றக் கேட்பதை உச்ச நீதிமன்றம் 1994-இல் வேணுகோபாலன் வழக்கில், அதுவும் தமிழ்நாட்டு வழக்கிலேயே, ஏற்கவில்லை. இதற்கென்று வக்கீலுக்குச் செலவழிக்கும் பணத்தைப் பேரப்பிள்ளைக்குப் போட்டு வைக்கலாம்.

வயது வரம்பு 60 ஆனதும் பழைய கதை இல்லை. 58 என்று இருந்ததை 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரி 25-ஆம் தேதி, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் 110-ஆவது விதியின் கீழ் 60 என்று அறிவித்தார். இரண்டு உயர்வும் அடுத்தடுத்து வந்ததில் ஒரு வேடிக்கை நடந்தது. 2020 மே மாதக் கடைசியில் போக வேண்டியவர் ஒரு வருடம் தள்ளி, அங்கிருந்து இன்னொரு வருடம் தள்ளி, 2022 மே மாதக் கடைசியில்தான் போனார். ஆக, இடைப்பட்ட 24 மாதங்களில் வயது முதிர்வு ஓய்வு என்பதே கிட்டத்தட்ட நின்றுபோனது. கொரோனா நேரத்தில் பணிக்கொடையும் கம்யூட்டேஷனும் (ஓய்வூதியத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) ஒரே மொத்தமாகக் கொடுக்க வேண்டிய சுமை கருவூலத்துக்குத் தள்ளிப்போனது லாபம். மேலே காலியிடம் விழாததால் இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. பதவி உயர்வுக்குப் பட்டியலில் காத்திருந்தவர்களுக்கு இரண்டு வருடம் நஷ்டம். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து பணிக்கால அடிப்படையில் ஏட்டு, எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) என்று வருகிறவர்களை இது அவ்வளவாகத் தொடவில்லை.

தென் மாநிலங்களோடு வைத்துப் பார்த்தால் 60 நடுவில் நிற்கிறது. கேரளத்தில் பழைய ஓய்வூதியத்தில் இருக்கும் அரசு ஊழியர் 56 வயதிலேயே வீட்டுக்குப் போகிறார். தெலங்கானாவில் 61, ஆந்திராவில் 62. மத்திய ஆயுதப்படைகளில் 2019 வரை ஒரு அநியாயம் இருந்தது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., ஐ.டி.பி.பி., எஸ்.எஸ்.பி. ஆகியவற்றில் கமாண்டன்ட் வரையிலான பதவிகளுக்கு 57, அதற்கு மேல் 60. சி.ஐ.எஸ்.எஃப்.பிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் எல்லாருக்கும் 60. இது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் எல்லாருக்கும் 60 என்று உத்தரவு போட்டது.

இந்த இடத்தில்தான் சேவையின் பெரிய குறை. எழுத்தருக்கும் 60, தீயணைப்பாளருக்கும் 60. பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள சுவாசக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு புகைக்குள் நுழைகிற வேலைக்கும், கோப்பில் குறிப்பெழுதுகிற வேலைக்கும் விதி ஒரே வயதைப் போடுகிறது. அமெரிக்க ஒன்றிய அரசில் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். அங்கே காவல் அதிகாரிக்கும் தீயணைப்பு வீரருக்கும் 20 ஆண்டுப் பணி முடிந்திருந்தால் 57-இல் கட்டாய ஓய்வு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு 56. சீக்கிரம் அனுப்புகிறோமே, ஓய்வூதியம் குறையாதா என்று கேட்டால், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வேலைக்கு எடுக்கும்போதே பொதுவாக 37 வயதுக்குள் எடுப்பது, சம்பளத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பது, முதல் 20 ஆண்டுக்கு ஓய்வூதியத்தைக் கூடுதல் விகிதத்தில் கணக்கிடுவது. வயதைக் குறைத்தால் கணக்கையும் மாற்ற வேண்டும் என்பது அங்கே புரிந்திருக்கிறது. இங்கே வயது கூடியதே தவிர, 59 வயது ஏட்டய்யாவை இரவு ரோந்திலிருந்து விடுவிக்க ஓய்வு விதியில் ஒரு வரி கிடையாது. உடம்பு முடியாவிட்டால் மருத்துவக் குழு முன் போய் இயலாமை ஓய்வு வாங்கலாம். அல்லது 20 ஆண்டு பணி முடித்தவரோ 50 வயது ஆனவரோ மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். விருப்ப ஓய்வில் தகுதிப் பணிக்காலத்தோடு, அதாவது ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் பணிக்காலத்தோடு, ஐந்து ஆண்டு வரை கூட்டிக் கொடுப்பார்கள். ஆனால் 60 வயதைத் தாண்டும்படி கூட்ட மாட்டார்கள்; 58-இல் போகிறவருக்கு இரண்டு வருடம்தான்.

மேல்மட்டத்தில் மட்டும் தேதி கொஞ்சம் வளையும். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், மாநில டி.ஜி.பி.க்கு ஓய்வுத் தேதி எதுவானாலும் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்றது. ஓய்வுக்குச் சில வாரம் இருக்கும்போது நியமித்து இரண்டு ஆண்டு வாங்கும் தந்திரம் கிளம்பியதும், 2019-இல் குறைந்தது ஆறு மாதப் பணி மிச்சமிருப்பவரையே பரிசீலிக்க வேண்டும் என்று திருத்தியது. ஏட்டுக்கு இந்தச் சலுகையெல்லாம் ஏது.

இனி பணம். ஒரு எஸ்.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்வோம். கடைசி அடிப்படை ஊதியம் 66,000 ரூபாய், தகுதிப் பணிக்காலம் 33 ஆண்டு என்று வைப்போம். 30 ஆண்டு தாண்டிவிட்டதால் முழு ஓய்வூதியம்: பாதி, 33,000. அதன் மேல் அகவிலைப்படி தனி. இதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 11,000-ஐ, கம்யூட்டேஷனாக மொத்தமாக வாங்கலாம். 60-இல் போகிறவருக்கு அடுத்த பிறந்த நாள் வயதான 61-க்குரிய காரணி 8.194. ஆக 11,000 × 12 × 8.194 = 10,81,608 ரூபாய். பதிலுக்கு 15 ஆண்டு மாதாமாதம் 11,000 பிடிப்பார்கள், மொத்தம் 19,80,000. அகவிலைப்படி மட்டும் குறையாத முழு 33,000-க்கே கிடைக்கும், அது ஒரு நல்ல அம்சம். வீட்டுக்கடனோ பெண் கல்யாணமோ இருந்தால் கம்யூட்டேஷன் வாங்குவது சரி. வங்கியில் போட்டு வட்டி பார்க்க என்று வாங்கினால் கட்டுப்படியாகுமா என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பணிக்கொடைக்கு ஊதியமும் அகவிலைப்படியும் சேரும். அகவிலைப்படி 58 விழுக்காடு என்று வைத்தால் 66,000 என்பது 1,04,280 ஆகிறது. 33 ஆண்டு என்றால் 66 அரையாண்டு, ஒவ்வொன்றுக்கும் கால் மாதம், மொத்தம் 16½ மாதம். 17,20,620 ரூபாய். அடுத்தது ஈட்டிய விடுப்பு. கணக்கில் 240 நாள் நிறைந்திருந்தால் எட்டு மாத ஊதியம், மேற்சொன்ன தொகையில் 8,34,240. சொந்தக் காரண ஈட்டா விடுப்பு மிச்சமிருந்தால் அதற்கும் 180 நாள் வரை அரைச் சம்பளக் கணக்கில் காசு உண்டு. இதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், எழுதிக் கேளுங்கள்.

ஊதிய உயர்வு விஷயத்தில் தமிழ்நாடு அரசைப் பாராட்டலாம். இங்கே ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தேதிகளில் வரும். ஜூலை 1 உயர்வுக்காரர் ஜூன் 30-இல் ஓய்வு பெற்றால், வருடம் முழுக்க வேலை பார்த்தும் உயர்வு ஒரு நாளில் தவறிப்போகும். மற்ற இடத்து ஊழியர்கள் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 2023-இல்தான் நியாயம் வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 31.12.2014 தேதியிட்ட நிதித்துறை அரசாணை 311 மூலமாகவே அந்த உயர்வைக் கருத்தியலாக, அதாவது கணக்குக்கு மட்டும், சேர்த்து ஓய்வூதியத்தைக் கணக்கிடச் சொல்லிவிட்டார்கள். அலுவலகம் தானாகச் சேர்த்துவிடும் என்று நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசியில் போகிறவர்கள், அலுவலகம் அனுப்பும் ஓய்வூதியக் கருத்துருவில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கோப்பு நகரட்டும்.

கோப்பு போகும் வழி சுருக்கமாக: மாவட்டத்தில் எஸ்.பி. அலுவலகம், மாநகரில் ஆணையர் அலுவலகம், ஆயுதப்படை என்றால் பட்டாலியன் அலுவலகம், தீயணைப்பில் மாவட்ட அலுவலர். அங்கிருந்து சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகம், அதாவது ஏ.ஜி. ஆபீஸ். அவர்கள் அங்கீகரித்து ஓய்வூதியக் கொடுப்பாணை எண் போட்டால், கருவூலம் பணம் தரும். எஸ்.பி. அலுவலகத்து அமைச்சுப் பணியாளர் மேசையில்தான் நாள் கரையும். ஏ.ஜி. ஆபீஸ் தாமதம் என்று எல்லாரும் திட்டுவார்கள். அங்கிருந்து கோப்பு ஆட்சேபக் குறிப்போடு திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் எஸ்.ஆர். புத்தகத்தில் இருக்கும்.

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். முதல் பக்கத்தில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், உயரம், அங்க அடையாளம் இரண்டு, இடது கை விரல் ரேகைகள். எண்ணில் 12.6.1966 என்றும் எழுத்தில் ‘ஜூலை’ என்றும் இருந்தால் அங்கேயே நின்றது வண்டி. ஒயிட்னர் தடவிய தேதி, மேலதிகாரி சுருக்கொப்பம் இல்லாத அடித்தல், இரண்டுமே ஆட்சேபத்துக்கு உரியவை. பெயர் எஸ்.ஆர்.-இல் ‘ஆர். செல்வம்’, ஆதாரில் ‘செல்வம் ராமசாமி’, வங்கிப் புத்தகத்தில் ‘செல்வம் ஆர்.’ என்று மூன்று விதமாக இருக்கும். மனைவி பெயர் இன்னும் மோசம்: வாரிசு நியமனப் படிவத்தில் லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி. ஓய்வூதியதாரர் உயிரோடு இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த அம்மாள் கருவூலத்தில் போய் நிற்கும்போதுதான், இருவரும் ஒருவரே என்று வட்டாட்சியரிடம் சான்று கேட்பார்கள். இதை ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்பே சரிசெய்வது ஒரு மதியத்து வேலை.

அடுத்து பணிச் சரிபார்ப்பு. ஒவ்வொரு வருடமும் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டு ‘பணி சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி அலுவலர் கையெழுத்திட வேண்டும். காவலர் எத்தனை இடம் மாறுகிறார்! பயிற்சிப் பள்ளி, பட்டாலியன், மாவட்ட ஆயுதப்படை, தாலுக்கா காவல் நிலையம், போக்குவரத்து, ஏதோ ஒரு சிறப்புப் பிரிவில் அயற்பணி. மாறும்போது எஸ்.ஆர். பின்னால் மெதுவாக வரும், நடுவில் எட்டு மாதம் முத்திரை இல்லாமல் போயிருக்கும். இருபது வருடம் கழித்து அந்த எட்டு மாதச் சம்பளப் பட்டியலைத் தேடிப் பழைய அலுவலகத்து ரெக்கார்டு ரூமில் தூசி தட்ட வேண்டும். 21 நாளுக்கு மேல் வராமல் இருந்து ‘விட்டோடி’ என்று அறிவிக்கப்பட்டு, திரும்பச் சேர்க்கப்பட்டவர்களுக்கு அந்த இடைவெளி எப்படி முறைப்படுத்தப்பட்டது என்ற ஆணை புத்தகத்தில் ஒட்டியிருக்க வேண்டும். இடைநீக்கக் காலத்துக்கும் அப்படியே. ஆணை இல்லையென்றால் அத்தனை நாளும் தகுதிப் பணிக்காலத்திலிருந்து கழியும். 30 வருடத்துக்குக் கீழே இறங்கினால் ஓய்வூதியமே குறையும்.

இன்னொரு பொறி ஊதிய நிர்ணயம். பதினைந்து வருடம் முன்பு ஒரு ஊதிய உயர்வைத் தவறாகக் கூட்டிப் போட்டிருப்பார்கள், தணிக்கையில் இப்போது பிடிபடும், பணிக்கொடையில் ஒன்றிரண்டு லட்சம் பிடித்தம் என்று கடிதம் வரும். பயந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டாம். ரஃபீக் மசீஹ் வழக்கில் 18.12.2014 அன்று உச்ச நீதிமன்றம், சி, டி பிரிவு ஊழியரிடமிருந்தும், ஓய்வு பெற்றவர் அல்லது ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமிருந்தும் இப்படிப்பட்ட மிகைத்தொகையைப் பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. தவறான நிர்ணயத்தை இனிமேல் திருத்தலாம், ஓய்வூதியம் அதன்படி குறையலாம். பழைய பாக்கியைக் கேட்பதுதான் கூடாது. மறுப்புக் கடிதத்தில் வழக்கின் பெயரையும் தேதியையும் எழுதினாலே பல இடங்களில் கோப்பு தணிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட அச்சம் தருவது நிலுவையில் இருக்கும் மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு. காவலில் விதி 3(பி), தீயணைப்பில் விதி 17(பி). ஓய்வு நாளன்று இது உயிரோடு இருந்தால் தற்காலிக ஓய்வூதியம் மட்டும் வரும், பணிக்கொடை நிறுத்தப்படும், விசாரணை முடிகிற வரை கம்யூட்டேஷனும் கிடையாது. தமிழ்நாட்டு விதி 56-இல் இன்னொரு கடுமையும் உண்டு: கடும் குற்றச்சாட்டில் இடைநீக்கத்தில் இருப்பவரை ஓய்வு பெற விடாமல் பணியிலேயே நிறுத்தி வைக்கலாம். 30-ஆம் தேதி மாலை மாலையும் சால்வையும் தயாராக இருக்க, ஐந்து மணிக்கு இடைநீக்க ஆணை வருவது இப்படித்தான். கடைசி நாள் இடைநீக்கத்தைத் தவிர்ப்போம் என்று அரசு 2021-இல் அறிவித்தது நல்ல முடிவு. ஆனாலும் மெமோவுக்கு விளக்கம் கொடுத்துவிட்டு ‘அவர்களே முடிப்பார்கள்’ என்று இருந்துவிடக் கூடாது. ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே, என்மீது நிலுவையில் உள்ளவை எவை, சீக்கிரம் முடித்துத் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்கி வையுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் அந்தத் துண்டுக் காகிதம்தான் பேசும்.

108 ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் இந்தச் சேவைக்குள் வரவே மாட்டார்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்த ஊர்தி அரசுப் பணத்தில் ஓடினாலும், ஓட்டுகிறவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். விபத்து இடத்தில் காவலர், தீயணைப்பாளர், ஆம்புலன்ஸ்காரர் மூன்று பேரும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். ஓய்வூதியம் முதல் இருவருக்குத்தான்.

கணினிப் பக்கம் முன்னைவிட எவ்வளவோ மேல். களஞ்சியம் செயலியில் பணியில் இருக்கும்போதே சம்பளச் சீட்டையும் பணி விவரங்களையும் பார்க்கலாம், ஓய்வுக்குப் பின் ஓய்வூதியச் சீட்டை இறக்கிக்கொள்ளலாம். காகித எஸ்.ஆரில் இருந்த பிழை அப்படியே கணினியில் ஏறியிருக்கலாம் என்பதால், திரையில் தெரிவதைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அருகில் வைத்து எழுத்துக்கூட்டி ஒப்பிடுங்கள். குடியிருப்பைக் காலி செய்த சான்று, கூட்டுறவுச் சங்கக் கடன் இல்லாச் சான்று, உடுப்பு, பொருட்கள் ஒப்படைத்த ரசீது எல்லாம் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டால் ஏதாவது ஒரு எழுத்தர் விடுப்பில் போயிருப்பார். ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பணம் வரத் தொடங்கிய பிறகு வருடத்துக்கு ஒரு வேலை: உயிர்வாழ் சான்று. முன்பு எல்லாருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று கருவூலத்தில் திருவிழாக் கூட்டம் இருக்கும். இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல். கருவூலத்துக்கு நேரில் போகலாம், அல்லது அஞ்சல் வங்கியின் தபால்காரரை வீட்டுக்கே வரச்சொல்லி 70 ரூபாய் கொடுத்து மின்னணுச் சான்று எடுக்கலாம். ஆதார் எண், ஓய்வூதியக் கொடுப்பாணை எண், கைபேசி, வங்கிப் புத்தகம் இந்த நான்கும் கையில் இருக்கட்டும். விரல் நுனி தேய்ந்து ரேகை விழாதவர்கள், முக அடையாளத்தில் எடுக்க முடியுமா என்று தபால்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் அவருக்கும் இரண்டு நடை மிச்சம்.